கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமையை எழுதுங்கள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறையில் எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) யாருக்காவது வெளிநாட்டு வேலை கிடைத்தால், ஆஃபர் லெட்டரை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுச் சமையலறை மேசைக்கு வந்துவிடுவார்கள். நான் 27 வருடம், பாலம் தாண்டி பினாங்குத் தீவில் இருக்கும் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருந்தவள். முதல் ஒன்பது வருடம் லைனில் ஆபரேட்டர், அப்புறம் சம்பளப் பிரிவு. மாதம் தவறாமல் நூற்றுக்கணக்கானவர்களின் சம்பளச் சீட்டைப் பார்த்ததில் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. மொத்தத் தொகையைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) எத்தனை மணி, எம்.சி. (மருத்துவ விடுப்பு) எத்தனை நாள், எடுக்காமல் கிடக்கும் லீவு எத்தனை என்று பார்ப்பேன். அந்த மூன்று கட்டங்களைப் பார்த்தாலே அந்த மனிதர் எப்படி வாழ்கிறார் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

போன வருடம் என் தம்பி மகன் வந்தான். வயது 29, டெக்னீஷியன், இங்கே சம்பளம் 3,400 வெள்ளி. (ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்றுதான் சொல்வோம்.) சிங்கப்பூரில் 2,900 சிங்கப்பூர் வெள்ளி தருகிறார்களாம். "அத்தை, மூன்றால் பெருக்கினாலே ஒன்பதாயிரத்துக்குப் பக்கத்துல வருது" என்றான். அதே மாதம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு டென்மார்க்கில் மென்பொருள் வேலை வந்தது. அவள் கடிதத்தோடு இன்னொரு தாளும் கொண்டுவந்தாள்: உலகத்தில் மகிழ்ச்சியான நாடுகளின் பட்டியல். டென்மார்க் இரண்டாவது இடத்தில் இருந்தது. அதைவிடப் பெரிய அத்தாட்சி எதற்கு ஆன்ட்டி என்றாள்.

இருவருக்கும் நான் கொடுத்த வேலை ஒன்றுதான். அங்கே போனபின் வரப்போகும் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையை, எழுவதிலிருந்து படுப்பது வரை, மணி போட்டு ஒரு தாளில் எழுதச் சொன்னேன். ஏன் செவ்வாய் என்றால், சம்பள நாளின் சந்தோஷமும் விடுமுறையின் ஓய்வும் ஒட்டாத நாள் அது. நாம் கழிக்கப்போகும் நாட்களில் பெரும்பாலானவை அப்படித்தான் இருக்கும். எந்த நாட்டு வேலையாக இருந்தாலும் அந்தத் தாளை எப்படி எழுதுவது, எழுதியதை எப்படிப் படிப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் அந்தப் பட்டியல்

உலக மகிழ்ச்சி அறிக்கை 2012-இலிருந்து வருகிறது. அதில் நாடுகளுக்கு இடம் கொடுப்பது ஒரே ஒரு கேள்வியை வைத்து. ஓர் ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள், அடிப்படி 0, உச்சிப்படி 10. உங்களால் வாழ முடிகிற மிகச் சிறந்த வாழ்க்கை உச்சியில், மிக மோசமானது அடியில். இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? ஒவ்வொரு நாட்டிலும் ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் பேரிடம் கேட்டு, மூன்று ஆண்டுப் பதில்களின் சராசரியை எடுக்கிறார்கள். 2018-இலிருந்து பின்லாந்து முதலிடத்தில் நிற்கிறது.

இந்தப் பட்டியலை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. 2018 அறிக்கையில் வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்களின் பதிலைத் தனியாக எடுத்துப் பார்த்தார்கள். அவர்களை வைத்து நாடுகளை வரிசைப்படுத்தினாலும் ஏறக்குறைய அதே வரிசைதான் வந்தது. ஆகவே போகிற இடம் மனிதனை மாற்றத்தான் செய்கிறது.

ஆனால் வேலை நேரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு இந்தப் பட்டியலை விளக்கப் போனால் முட்டிக்கொள்வீர்கள். பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி.யின் கணக்குப்படி ஒரு தொழிலாளி ஆண்டுக்கு வேலை செய்யும் நேரம் ஜெர்மனியில் சுமார் 1,340 மணி. மெக்சிகோவில் சுமார் 2,200 மணி. 2025 பட்டியலில் மெக்சிகோ 10-ஆவது இடத்தில் இருக்கிறது, ஜெர்மனி அதற்குக் கீழே 22-இல். அதே அறிக்கையில் இன்னொரு விஷயத்தையும் ஆராய்ந்திருந்தார்கள்: தெரிந்தவர்களோடு உட்கார்ந்து வாரத்தில் எத்தனை வேளை சாப்பிடுகிறீர்கள்? அதற்கும் மனநிறைவுக்கும் நெருங்கிய தொடர்பு இருந்தது. ஜப்பானும் தென்கொரியாவும் பணத்தில் எவ்வளவோ மேலே, பட்டியலில் 50-க்கும் கீழேதான் நிற்கின்றன. வேலையின் மிகுதியால் வரும் சாவுக்கு 'கரோஷி' என்று தனிச்சொல்லே வைத்திருக்கும் நாடு ஜப்பான்.

அதனால் பட்டியலை மடித்து வைத்துவிட்டு, அந்த ஏணிக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்று நீங்கள் நிற்கும் படி எது என்று தாளின் மேல் மூலையில் எழுதுங்கள். என் தம்பி மகன் 5 என்று எழுதினான். பக்கத்து வீட்டுப் பெண் யோசித்து யோசித்து 7 போட்டாள். அப்போதுதான், இங்கே ஒன்றும் அவ்வளவு மோசமில்லை என்று அவளுக்கே தெரிந்தது.

தாளில் மணி போடுவது

எப்படி எழுதுவது என்பதற்கு என் பழைய செவ்வாய்க்கிழமையையே காட்டுகிறேன். 1996-ஆம் வருடம், லைனில் இருந்த காலம். 4:30-க்கு எழுந்து சோறு ஆக்கி வைத்துவிட்டு, 5:30-க்கு தாமான் முனையில் தொழிற்சாலை பஸ். பாலத்தைக் கடந்து, உடுப்பு மாற்றி, 7 மணிக்கு ஷிப்ட். மாலை 7 வரை. வீடு வந்து சேர 8:30. 10 மணிக்குப் படுத்தால்தான் மறுநாள் எழ முடியும். ஆக என் பிள்ளைகளுக்கு நான் கிடைத்தது ஒன்றரை மணி நேரம், அதற்குள்தான் குளியல், சாப்பாடு, துணி, பள்ளிக்கூடப் பாடம் எல்லாம். சம்பளம் நன்றாகத்தான் இருந்தது. ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய என் அம்மா நினைத்துப் பார்க்காத சம்பளம். ஆனால் என் மகளுக்கு எந்த வருடம் முன்பல் விழுந்தது என்று எனக்கு இன்றைக்கும் நினைவில்லை.

அந்த ஒன்றரை மணியைத்தான் நீங்கள் தேட வேண்டும். சட்டம் சொல்லும் வேலை நேரம் அதற்கு ஒரு தொடக்கம். மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தைத் திருத்தி, 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 48 மணியாக இருந்ததை 45 ஆக்கினார்கள். சிங்கப்பூரில், அந்நாட்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் வேலை நேரப் பகுதிக்குள் வருபவர்களுக்கு 44. ஆஸ்திரேலியாவில் 38. டென்மார்க்கில் இதைச் சட்டத்தில் எழுதவில்லை, தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் போட்டுக்கொண்ட ஒப்பந்தங்களில் 37 என்று இருக்கிறது. பிரான்சின் 35 மணியைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், ஆனால் அது உச்சவரம்பு இல்லை, அதற்குமேல் ஓ.டி. கணக்கு ஆரம்பிக்கும் எல்லை. தென்கொரியா 2018-இல் சட்டத்தைத் திருத்தி, ஓ.டி.யோடு சேர்த்து வாரத்துக்கு 52 மணி என்று கொண்டுவந்தது.

கடிதத்தில் இருக்கும் எண்ணைத் தாளில் எழுதாதீர்கள். அங்கே இப்போது வேலை செய்கிறவர் நேற்று எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனார் என்று கேட்டு அதை எழுதுங்கள்.

இந்த இடத்தில் ஓ.டி.யைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். சம்பளப் பிரிவில் நான் மனம் நொந்தது இதில்தான். "மாதம் 2,800 வரை எடுக்கலாம்" என்று வேலைக்கு ஆள் சேர்க்கும் போஸ்டரில் போடுவார்கள். அடிப்படைச் சம்பளம் குறைந்தபட்ச ஊதியமான 1,700 ஆக இருக்கும். இதை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,700-ஐ 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி 65 வெள்ளி 38 காசு. எட்டு மணி நேர வேலை என்றால் மணிக்கு 8.17. சாதாரண நாள் ஓ.டி. ஒன்றரை மடங்கு, அதாவது 12.26. மீதி 1,100 வெள்ளியைப் பிடிக்க மாதம் ஏறக்குறைய 90 மணி ஓ.டி. செய்ய வேண்டும். சட்டத்தின் உச்சவரம்பு மாதம் 104 மணி, ஆகவே இதில் சட்டப்படி தப்பு இல்லை. ஆனால் 90 மணியை வாரத்துக்குப் பிரித்து 45-உடன் கூட்டுங்கள். வாரம் 66 மணி.

உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனமும் சேர்ந்து 2021-இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரம் 35 முதல் 40 மணி வேலை செய்கிறவர்களோடு ஒப்பிட்டால், 55 மணியோ அதற்கு மேலோ செய்கிறவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் 35 விழுக்காடு அதிகம், இதய நோயால் சாகும் அபாயம் 17 விழுக்காடு அதிகம். 2016-ஆம் ஆண்டில் மட்டும் நீண்ட வேலை நேரத்தால் 7,45,000 பேர் இறந்ததாக அவர்கள் மதிப்பிட்டார்கள். இதைப் படித்த அன்று எனக்கு எங்கள் தொழிற்சாலைச் சம்பளச் சீட்டுகள்தான் கண்முன் வந்தன. மாதா மாதம் 90, 95, 100 என்று ஓ.டி. போட்ட ஆட்களின் பெயர் இன்னும் எனக்கு மனப்பாடம்.

ஆகவே எந்த நாட்டுக் கடிதமாக இருந்தாலும் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் எடுத்து, ஓ.டி. இல்லாமல் குடும்பம் ஓடுமா என்று பாருங்கள். ஓடாது என்றால் தாளில் ஓ.டி. நேரத்தையும் சேர்த்தே எழுத வேண்டும், அது விருப்பம் என்று உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது.

போகவர ஆகும் நேரம்

தம்பி மகன் ஜொகூர் பாருவில் வாடகைக்கு இருந்துகொண்டு தினமும் சிங்கப்பூர் போய்வரத் திட்டம் போட்டிருந்தான். பல்லாயிரம் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். அவன் தாளில் முதலில் "காலை 6 – கிளம்புதல்" என்று எழுதியிருந்தான். ஏற்கெனவே அங்கே போய்வரும் அவன் நண்பனிடம் பேசச் சொன்னேன். பேசிவிட்டு அழித்து எழுதினான்: 4 மணிக்கு எழுவது, 4:40-க்கு மோட்டார் சைக்கிள், இரண்டு நாட்டுக் குடிநுழைவுச் சாவடியும் தாண்டி, 7 மணி வேலை. மாலை 5-க்கு முடிந்தாலும் வீடு வர 7:30. ஓ.டி. இருந்தால் 9-க்கு மேல்.

2004-இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. உளவியலாளர் டேனியல் கானமனின் குழு டெக்சஸ் மாநிலத்தில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தின நாள் முழுவதையும் பகுதி பகுதியாக எழுதச் சொல்லி, ஒவ்வொரு பகுதியிலும் மனம் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். பட்டியலின் அடியில் வந்தது காலையில் வேலைக்குப் போகும் பயணம். நான் சொல்லும் செவ்வாய்க்கிழமைத் தாளும் ஏறக்குறைய அந்த முறைதான். ஜெர்மனித் தரவுகளை வைத்து ஸ்டட்சர், ஃப்ரை என்ற இரு பொருளியலாளர்கள் இன்னொன்றைக் கண்டார்கள்: நீண்ட பயணம் செய்கிறவர்களுக்கு அதை ஈடுகட்டும் அளவுக்குச் சம்பளமோ நல்ல வீடோ கிடைப்பதில்லை, அவர்கள் வாழ்க்கைத் திருப்தி குறைவாகவே இருக்கிறது. பாலம் தாண்டி வேலைக்குப் போன எந்தப் பிறைக்காரரையும் கேளுங்கள், இதையேதான் சொல்வார்.

பயண நேரத்தையும் வேலை நேரமாகவே எண்ணி, சம்பளத்தை அந்த மொத்த மணியால் வகுத்துப் பாருங்கள். தம்பி மகனின் 'ஒன்பதாயிரம்' அப்படி வகுத்ததும் சுருங்கிவிட்டது. இன்னொன்றும் கழிய வேண்டியிருந்தது. இங்கே அவனுடைய 3,400-க்கு முதலாளி ஈ.பி.எஃப்.பில் (மலேசியாவின் ஊழியர் சேமநிதியில்) 13 விழுக்காடு போடுகிறார், மாதம் 442 வெள்ளி. சிங்கப்பூரின் சேமநிதி அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான், வேலை அனுமதியில் போகும் மலேசியருக்கு இல்லை. அவனாகவே ஈ.பி.எஃப்.பில் போட்டால்தான் உண்டு. அப்படியும் சிங்கப்பூர்ச் சம்பளமே மேலே நின்றது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அவன் பார்த்துக்கொண்டிருந்த உயரத்தில் இல்லை.

கட்டுப்பாடு யார் கையில்

எனக்கு மிக முக்கியமானது இந்தப் பகுதி. ஆஃபர் லெட்டரில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

எங்கள் லைனில் அறுபது பெண்கள். கழிவறைக்குப் போக இரண்டு சிவப்பு அட்டைகள். அட்டை கையில் இருந்தால்தான் இடத்தைவிட்டு எழலாம். யாராவது எடுத்துப் போயிருந்தால் வரும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது அந்த அட்டைக்காகக் காத்திருந்து நான் அழுதிருக்கிறேன். பிறகு சம்பளப் பிரிவுக்கு மாற்றினார்கள். சம்பளம் 80 வெள்ளிதான் கூடியது, பஸ்ஸும் அதே பஸ். ஆனால் நினைத்தபோது எழுந்து போகலாம், எந்தக் கோப்பை முதலில் பார்ப்பது என்று நானே முடிவு செய்யலாம். இரண்டு மாதத்தில் என் தலைவலி நின்றுவிட்டது. அப்போது காரணம் புரியவில்லை.

ராபர்ட் கரசெக் என்ற ஆய்வாளர் 1979-லேயே இதை எழுதியிருக்கிறார். வேலைப் பளு மட்டும் மனிதனை நசுக்குவதில்லை, பளு அதிகமாக இருந்து முடிவெடுக்கும் உரிமை குறைவாக இருக்கும்போதுதான் நசுக்குகிறது என்பது அவர் கருத்து. பிரிட்டன் அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த வைட்ஹால் ஆய்விலும், தங்கள் வேலைமேல் கட்டுப்பாடு குறைந்தவர்களுக்கு இதய நோய் அதிகமாக வந்தது. மேலதிகாரிகளுக்கு நெஞ்சுவலி வரும், கீழே இருப்பவருக்கு என்ன கவலை என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். நேர்மாறாக இருந்திருக்கிறது.

இதை நேர்முகத் தேர்வில் எப்படிக் கேட்பது? "எனக்குச் சுதந்திரம் உண்டா" என்று கேட்டால் உண்டு என்றுதான் சொல்வார்கள். சின்னச் சின்னதாகக் கேளுங்கள். ஷிப்ட் அட்டவணை எத்தனை நாளைக்கு முன் ஒட்டப்படும்? ஒருவருக்கொருவர் ஷிப்ட் மாற்றிக்கொள்ளலாமா, அதற்கு யார் கையெழுத்து வேண்டும்? பிள்ளைக்குக் காய்ச்சல் என்று காலை 6 மணிக்குத் தெரிந்தால் யாரை அழைப்பது, அவர் பொதுவாக என்ன சொல்வார்? ஓ.டி. வேண்டாம் என்று சொன்ன கடைசி ஆள் யார், அவருக்கு என்ன ஆயிற்று? ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்தது தொடங்க எத்தனை மணி இடைவெளி? ஐரோப்பிய ஒன்றியத்தில் தினமும் தொடர்ச்சியாக 11 மணி ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது விதி, டென்மார்க்குக்கும் அது பொருந்தும். நம் பக்கம் அப்படி யாரும் கேட்பதில்லை, ஆனால் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலை வைத்தே தூக்கத்தைக் கணக்குப் போட்டுவிடலாம்.

பதில் சொல்லும்போது அவர் முகத்தைப் பாருங்கள். தடுமாறினால் அதையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவிலேயே இருக்கப்போகிறவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. 2023-இலிருந்து வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். மறுக்க அவருக்கு உரிமை உண்டு. இருந்தாலும் எங்கள் காலத்தில் கேட்பதற்கே தாள் கிடையாது.

லீவு, திருவிழா

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சட்டப்படி குறைந்தபட்ச ஆண்டு லீவு மலேசியாவில் முதல் இரண்டு வருடத்துக்கு 8 நாள், பிறகு 12, ஐந்து வருடம் ஆனதும் 16. சிங்கப்பூரில் 7-இல் தொடங்கி எட்டாவது வருடத்தில் 14. ஆஸ்திரேலியாவில் நான்கு வாரம், டென்மார்க்கிலும் பிரான்சிலும் ஐந்து வாரம். அமெரிக்காவில் சம்பளத்தோடு லீவு கொடுக்க வேண்டும் என்று மத்தியச் சட்டம் எதுவும் இல்லை, முதலாளி கொடுத்தால்தான்.

ஆனால் எண்ணிக்கையைவிட, போன வருடம் அந்தப் பிரிவில் எத்தனை பேர் தங்கள் லீவை முழுதாக எடுத்தார்கள் என்று கேளுங்கள். நம்மவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பினாங்கில் தைப்பூசம் பொது விடுமுறை, தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போக யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. சிங்கப்பூரில் தீபாவளிக்கு விடுமுறை உண்டு, தைப்பூசத்துக்கு 1968-க்குப் பிறகு இல்லை. டென்மார்க்கில் இரண்டும் கிடையாது. பக்கத்து வீட்டுப் பெண் இதை எழுதியபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். டிசம்பரில் கோபன்ஹேகனில் பிற்பகல் 4 மணிக்கு முன்பே இருட்டிவிடும் என்பதையும் அவள் தாளில் எழுதவைத்தேன். பயமுறுத்த இல்லை, இங்கே ஏழு மணிக்குமேல் வெளிச்சத்தில் நடக்கப்போகும் பழக்கம் அவளுக்கு.

வேலை போனால்

அம்மா பால் வெட்டிய காலத்தில் விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நிற்க வேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லை என்றால் அன்றைய கூலி இல்லை. ராத்திரியில் கூரைமேல் மழைச் சத்தம் கேட்டால் அம்மா எழுந்து உட்கார்ந்துகொள்வார். நாளைக்கு என்ன என்று தெரியாத கவலை அது. வேலை இழப்பைப் பற்றிய ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதுதான்: போன சம்பளத்தின் அளவைவிட வாழ்க்கைத் திருப்தியில் விழும் அடி பெரிது.

டென்மார்க்கில் ஆளை வேலையிலிருந்து எடுப்பது அவ்வளவு கடினமில்லை. ஆனால் வேலையின்மைக் காப்புறுதியில் சேர்ந்து, அதன் நிபந்தனைகள் நிறைவேறியிருந்தால், இரண்டு ஆண்டு வரை பணம் வரும், அடுத்த வேலைக்குப் பயிற்சியும் உண்டு. மலேசியாவில் 2018 முதல் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் கீழ் வேலை இழந்தவர்களுக்கான காப்புறுதித் திட்டம் இருக்கிறது, உதவித்தொகை ஆறு மாதம் வரை. ஆனால் நீங்கள் வெளிநாட்டுக்காரராகப் போகிறீர்கள். தாளின் பின்பக்கத்தில் இதை எழுதுங்கள்: வேலை போனால் எத்தனை நாளில் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும்? வேறு முதலாளியிடம் மாற முடியுமா? அனுமதி ஒரே முதலாளியோடு கட்டப்பட்டிருந்தால், பிடிக்காத வேலையை விட்டுவிடும் உரிமை உங்களிடம் பாதிதான் இருக்கிறது. அந்த நாட்டுக் குடிமகனின் ஏணிப்படி உங்களுக்கு அப்படியே பொருந்தாமல் போவது இங்கேதான்.

தமிழ்நாட்டிலிருந்து இங்கே வேலைக்கு வரும் தம்பிகளுக்கும் இதைச் சொல்கிறேன். உணவகத்திலோ தொழிற்சாலையிலோ "பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்று பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்ளும் முதலாளிகளை நான் பார்த்திருக்கிறேன். மலேசியாவின் 1966-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது குற்றம். கிளம்பும் முன்பே, பாஸ்போர்ட் யாரிடம் இருக்கும் என்று ஏஜெண்டிடம் நேராகக் கேளுங்கள். அங்கே வேலை செய்யும் ஒருவரின் எண்ணை வாங்கி, முதலாளி பக்கத்தில் இல்லாத நேரத்தில் பேசுங்கள்.

தாளைப் படிப்பது

எழுதி முடித்ததும் உடனே முடிவு செய்யாதீர்கள். ஒருவாரம் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள். பக்கத்திலேயே இப்போதைய செவ்வாய்க்கிழமைத் தாளையும் ஒட்டுங்கள். மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்க்கும் வழியை நான் முயன்றிருக்கிறேன், அதில் சம்பளம்தான் எப்போதும் ஜெயிக்கும், ஏனென்றால் அது மட்டும்தான் ஏற்கெனவே எண்ணாக இருக்கிறது. அதற்குப் பதில், எதை விட்டுக்கொடுக்கவே மாட்டீர்கள் என்று மூன்றை மட்டும் எழுதுங்கள். கல்யாணம் ஆனவர்கள் தனித்தனியாக எழுதிவிட்டுப் பிறகு காட்டிக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் மூன்றில் முதலாவது, மாலை 5-க்குப் பிறகு அலுவலகத்திலிருந்து செய்தி வரக்கூடாது என்பது. இங்கே அவள் ராத்திரி 11-க்கு அமெரிக்க வாடிக்கையாளரோடு கூட்டத்தில் உட்கார்ந்திருப்பது எங்கள் சன்னல் வழியாகவே தெரியும். அவள் டென்மார்க் போனாள். முதல் குளிர்காலம் கடினமாக இருந்ததாம். மாலை 4:30-க்கு வீட்டில் இருக்கிறாள், ஆனால் கூடச் சாப்பிட ஆள் இல்லை. ஏணியில் எங்கே என்று கேட்டேன். "இன்னும் 7-தான் ஆன்ட்டி, ஆனா வேற 7" என்றாள். இப்போது புதன்கிழமைகளில் இரண்டு தமிழ்க் குடும்பங்களோடு சேர்ந்து சமைக்கிறார்களாம்.

தம்பி மகனின் மூன்று: ஆறு மணித் தூக்கம், வாரத்தில் இரண்டு நாளுக்குமேல் ஓ.டி. இல்லை, மாதம் ஒருமுறை பினாங்கு வருவது. அவனும் போனான், இரண்டு வருடம் என்று நாள் குறித்துக்கொண்டு. நான்கு மாதம் கழித்து உண்மையான ஒரு செவ்வாய்க்கிழமையை எழுதிப் படம் அனுப்பினான். ஓ.டி. சொன்னபடிதான் இருந்தது. தூக்கம் மட்டும் ஐந்து மணி. சாவடி நெரிசலில் தினமும் நாற்பது நிமிடம் கூடுதலாகப் போகிறது.

அவனிடம் ஒன்று சொன்னேன். 2024 டிசம்பர் முதல் சிங்கப்பூரில் நெகிழ்வான வேலை நேரம் கேட்டு முறையாக விண்ணப்பித்தால், முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும் என்று அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து போட்ட முத்தரப்பு வழிகாட்டி இருக்கிறது. தகுதிகாண் காலம் முடிந்தவர்கள் எல்லோரும் கேட்கலாம். 7 மணிக்குப் பதில் 9 மணிக்குத் தொடங்கி மாலை 7-க்கு முடிக்கிறேன், நெரிசல் நேரம் இரண்டு பக்கமும் தப்பிக்கும், உங்களுக்கும் ஒரு நிமிடம் நஷ்டமில்லை என்று அரைப் பக்கத்தில் எழுதினான். தேதி போட்டு, ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். கொடுத்து ஆறு வாரம் ஆகிறது. சூப்பர்வைசர் ஒருநாள் கூப்பிட்டு, எந்தெந்த நாளுக்கு வேண்டும் என்று கேட்டாராம். பதில் எழுத்தில் வந்ததும் அடுத்த செவ்வாய்க்கிழமையை மறுபடி எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.